சுடுகாட்டு மல்லி ஊசி

கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண். நான் அவள் தோளில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா அது, எலந்தப்பழம் கணக்கா?"

தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே. வலிக்கவில்லை. அழுத்தினால் நகர்ந்தது. அன்றைக்கு அந்த ரவிக்கையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்கு முன்பே உடம்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. தடிப்பு கிடையாது, சொறி கிடையாது. தோலுக்கு உள்பக்கமிருந்து யாரோ நகத்தால் கீறுவதுபோல் இருக்கும். சாயங்காலமானால் காய்ச்சல் வரும். வியர்த்து, புடவை நனைந்து, தானே விட்டுவிடும். தினமும் ஒரே பொழுதில் ஒருவர் வந்துபோவதைப் போல அது வந்துபோனது.

அப்போது எழுபதுகளின் கடைசி. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில் உள்ள ஊர் எங்களுடையது. என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவர்கள். நான் தையல் கற்றுக்கொண்டு வீட்டிலேயே மெஷின் போட்டிருந்தேன். என் கணவருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. மகள் செல்வியை அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

இதே நோயோடு இப்போது ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு நடப்பது எல்லாம் எனக்கும் நடந்திருக்காது. எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டும் என்பதும் இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் கண்டமாலை (கழுத்துக் கணுக்களில் வரும் காசநோய்) என்று சொல்லி மாத்திரையும் ஊசியும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டேன். ஒரு கட்டி மூன்றானது. திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பயாப்சி (கட்டியில் சிறு துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"மெட்ராசுக்குப் போகச் சொல்றாங்க."

"எதுக்குங்க?"

"அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்களாம்."

எனக்கு என்ன நோய் என்பதை மெட்ராஸ் ஆஸ்பத்திரியின் வாசல் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஹாட்ஜ்கின் நோய் என்றார்கள். நிணநீர்க் கணுக்களில் (உடம்பெங்கும் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகளில்) வரும் ஒரு வகைப் புற்றுநோய். புற்றுநோய்களிலேயே மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது இது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொன்ன தமிழ் புரிந்தது. நம்பத்தான் முடியவில்லை.

அந்த வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ராஜாமணி. ஆண்டிமடத்துக்காரி. முந்திரித் தோப்பில் வேலை. "வூட்டுல யாரு சமைக்கிறா?" என்று அவள் யாரையோ கேட்டபோது அந்த 'வூட்டுல' கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இருந்த அதே நோய், அதே டாக்டர், அதே ஊசி. வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். நர்சுகள் சில நேரம் அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் சிரிக்காமல் "என்னம்மா?" என்பாள்.

மாத்திரைகளோடு நரம்பில் ஏற்றும் ஊசிகளும் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் வின்கிரிஸ்டின். ஒரு துளி நரம்புக்கு வெளியே கசிந்தாலும் சதை வெந்துவிடும் என்பதால் டாக்டரம்மாவே பக்கத்தில் நின்று போடுவார்.

"இது உள்ள போய் என்னங்க செய்யும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா உள்ளுக்குள்ள நூல் மாதிரி கட்டிக்கும். இந்த மருந்து அந்த நூலக் கட்ட விடாது. கட்டி வளர முடியாமச் சாகும்."

"இத எதுலேருந்து எடுக்குறாங்க?" இது ராஜாமணி.

டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். ஆஸ்பத்திரித் தோட்டத்துப் பாத்தியில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்திருந்தது. "அதோ அந்தச் செடியிலேருந்துதான். நித்தியகல்யாணி."

ராஜாமணி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"எங்க பக்கம் அதுக்கு வேற பேருங்க" என்றாள் அவள். "சுடுகாட்டு மல்லி."

எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் யாரும் நட்டு வைக்காமல் அது நிற்கும். கோடையில் மற்றதெல்லாம் காய்ந்தாலும் அது பூக்கும். ஆடு கடிக்காது. பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள். பிணத்தோடு போய்விட்டுத் திரும்பும் ஆண்கள் காலில் அதன் இதழ் ஒட்டியிருந்தால் அம்மா வாசலிலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்வாள். அதைத்தான் என் ரத்தத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

"அப்ப நாங்க வூட்டுலயே காய்ச்சிக் குடிச்சுக்கலாமே" என்று ராஜாமணி சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கூடாதும்மா. வண்டி வண்டியா இலை போட்டாத்தான் ஒரு சிட்டிகை மருந்து வரும். அதப் பிரிச்சு, அளந்து, உங்க எடைக்கு இவ்வளவுன்னு கணக்குப் பண்ணிப் போடுறோம். அந்த இலையில இன்னும் எத்தனையோ இருக்கு. ரத்த அழுத்தத்த எறக்குறது இருக்கு, சர்க்கரைய எறக்குறது இருக்கு. ஒரு கைப்பிடிய அரைச்சுக் குடிச்சா கட்டியக் கொல்ற மருந்து போதாது. மத்த விஷமெல்லாம் உள்ள போகும்."

ராஜாமணி தலையாட்டினாள். அவள் கண் ஜன்னலிலேயே இருந்தது.

முதல் சுற்று ஊசியில் கட்டிகள் கரைந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மாதக்கணக்கில் கழுத்தில் இருந்தவை இரண்டே வாரத்தில் பட்டாணி அளவாகின. மாலைக் காய்ச்சல் நின்றது. அரிப்பு போன இடம் தெரியவில்லை.

பிறகு மற்றவை வந்தன. வாந்தி. தாடை எலும்பில் ஒரு குத்தல். மலச்சிக்கல். சீப்பில் முதலில் முடி வந்தது, பிறகு தலையணையில். கடைசியாக, கால் விரல்கள் காணாமல் போயின. கண்ணுக்குத் தெரிந்தன, உணர்வுக்குத் தெரியவில்லை. மருந்து நரம்புகளையும் தொடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கேட்பதும் நேர்வதும் ஒன்றில்லை.

இரண்டாம் சுற்று முடிந்து ஊருக்கு வந்திருந்தபோது மெஷினில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணி. தைத்துக்கொண்டே போனேன். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஊசி என் ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து நின்றது. வலியே இல்லை. யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சுற்றுக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். ராஜாமணி வரவில்லை. "சில பேரு பாதியில நின்னுடுவாங்க" என்றார் நர்ஸ். அந்த முறை எனக்கு வெள்ளை அணுக்கள் (கிருமிகளை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) மிகவும் குறைந்துவிட்டன. கடும் காய்ச்சல். ஊருக்கு விடாமல் அங்கேயே வைத்திருந்து, உடம்பு தேறியதும் நான்காம் சுற்றையும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஊரை விட்டுப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அழைத்துப்போகக் கணவர் முந்தின வாரமே வந்திருந்தார். விடிகாலை ரயிலில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டியதும் கணவரிடம் சொன்னேன். "இனிமே நான் போக மாட்டேங்க. கட்டிதான் இல்லையே. போதும்."

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் எங்களைக் கடந்து மெட்ராஸ் பக்கம் போனது.

அரியலூரில் இறங்கி, பஸ் பிடித்து, எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது உச்சிப்பொழுது. வெயிலில் நிழலே இல்லை. ஊருக்குள் போகும் பாதை சுடுகாட்டை ஒட்டிப் போகும். மல்லி முழங்கால் உயரத்துக்குப் பூத்துக் கிடந்தது. நான் குனிந்து என் கால்களைப் பார்த்தபடி நடந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கால் தரையில் இருக்கிறதா என்று தெரியும். பாதம் தொங்கியதால் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். சத்தம் காதுக்குக் கேட்பதற்கு முன்பே உள்ளங்காலில் அதிரும். பிறந்ததிலிருந்து எனக்கு அது பழக்கம். அன்று சத்தம் மட்டும் வந்தது.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் எத்தனையோ ரவிக்கை தைத்துக்கொண்டவள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து என் காலைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குடத்தோடு வந்த இன்னொருத்தி குடத்தை நடுப்பாதையில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கினாள். அவளும் என் காலைத்தான் பார்த்தாள்.

பேய்க்குக் கால் தரையில் படாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்கும் தெரியும். அதனால் நானும் மறுபடி குனிந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி கேட்டது. நாங்கள் நெருங்க நெருங்க அது ஒவ்வொரு குரலாக நின்றது. என் மெஷின்மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தைக்கக் கொடுத்த துணிகளை அவரவர் எடுத்துப் போயிருந்தார்கள். அலமாரி காலியாக இருந்தது.

அம்மா தலைவிரி கோலமாக வெளியே வந்தாள். கூப்பிடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. என் முன்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் கைகளால் பிடித்து மண்ணில் அழுத்தினாள். அவள் கைகளைப் பார்த்தேன். பிடி தெரியவில்லை.

"தனம்... நீதானா?"

"நான்தாம்மா."

பிறகுதான் அவள் அழுதாள்.

செல்வி கதவுக்குப் பின்னால் நின்றாள். முடியில்லாத என் தலையைப் பார்த்தாள். "நீ செத்துப்போன அம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்லடா. ஊசி போட்டுக்கிட்டு வந்த அம்மா."

அவள் வரவில்லை. பல வாரங்கள் வரவில்லை.

"மெட்ராசுக்குப் புத்துநோய்க்கு ஊசி போடப் போன பொண்ணு செத்துப்போச்சு" என்று முந்தின நாள் ஊருக்குள் சேதி வந்திருக்கிறது. எங்கள் ஊருக்குத் தெரிந்து அப்படிப் போனவள் நான் ஒருத்திதான். பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் உடலை எடுத்துவர அண்ணன் அன்று காலை ரயிலேறியிருந்தான். விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் எங்களைக் கடந்து போன ரயிலில்தான் அவன் இருந்தான்.

அண்ணன் மறுநாள் திரும்பி வந்தான். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். வாங்காமல் என் கையைப் பார்த்தான்.

"அங்க செத்தவங்க பட்டியல்ல உம் பேரு இருக்கான்னு கேட்டேன். அப்படி யாரும் இல்லன்னாங்க. அடையாளம் தெரியாத ஒண்ணு இருக்கு, பாருங்கன்னு பொணவறைக்குக் கூட்டிப் போனாங்க. தலையில முடியில்ல. ஒல்லியா..." நிறுத்தினான். "தனம், ஒரு நிமிசம் நீதான்னு நெனச்சுட்டேன். தூக்கிட்டு வர ஆளு கேட்டுட்டேன். அப்பறம்தான் காதப் பாத்தேன். காது குத்தாத பொம்பள."

அதன்பின் தண்ணீரைக் குடித்தான்.

சேதி எங்கிருந்து வந்தது என்று என் கணவர் விசாரித்துவிட்டு வந்தார். "ஜெயங்கொண்டம் பஸ் கண்டக்டர்தான் சொல்லியிருக்காரு. அவருக்கு ஆண்டிமடத்துலேருந்து ஒரு ஆளு..."

"ராஜாமணி" என்றேன்.

இரண்டு நாளாக என் வீட்டில் நடந்த அழுகை முழுக்க அவளுக்கு உரியது.

ஆண்டிமடத்துக்கு அந்த வாரமே போனோம். முந்திரித் தோப்பின் ஓரத்தில் வீடு. ராஜாமணியின் புருஷன் கலியபெருமாள் எங்களைப் பார்த்து எழுந்தார். என்னை முன்பு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்.

"நீங்க இருக்கீங்க" என்றார்.

"இருக்கேண்ணே."

வீட்டைச் சுற்றி அந்தச் செடி. சுடுகாட்டிலிருந்து பிடுங்கிவந்து வரிசையாக நட்டிருந்தார்கள். அம்மிக்குப் பக்கத்தில் பச்சைச் சாறு காய்ந்து கறுத்திருந்தது.

"ரெண்டு ஊசிலயே அவளால முடியல தங்கச்சி. வாந்தி, வாந்தி. இனிமே வர மாட்டேன்னுட்டா. செடி நம்ம ஊருலயே கெடக்கு, எதுக்கு அம்மாந்தூரம் போகணும்னா. நாந்தான் தெனமும் அரைச்சுக் குடுத்தேன். மொதல்ல நல்லாத் தெம்பாத்தான் இருந்தா. ஒரு வாரம் தோப்புக்குக்கூட வந்தா. அப்பறம் கழுத்து வீங்கிருச்சு. அப்பவும் இன்னும் கொஞ்சம் கூடுதலா அரைங்கன்னா. குடிச்சா மயங்கி மயங்கி விழுவா. எழுந்ததும் மறுபடி கேப்பா."

டாக்டரம்மா சொன்னதை அவருக்கு இப்போது சொல்லி என்ன பயன்? என் கணவர் அவர் தோளில் கை வைத்தார். முற்றத்தில் பூக்கள் அசைந்தன. காற்று அடிக்கிறதா என்று முந்திரி இலைகளைப் பார்த்தேன். அடித்தது.

பஸ்ஸில் வரும்போது ஒரே கேள்விதான் இருந்தது. ரயிலில் நான் எடுத்த முடிவு, ராஜாமணி எடுத்த அதே முடிவு. கட்டி இல்லை, போதும் என்றேன். அவளும் போதும் என்றாள். அவளுக்கு நான் துக்கம் கேட்டுவிட்டு வருகிறேன். எனக்கோ ஏற்கெனவே அழுது முடித்துவிட்டார்கள்.

"அடுத்த ஊசிக்கு எப்பங்க போகணும்?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுவதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஐந்தாம் சுற்றும் ஆறாம் சுற்றும் போட்டுக்கொண்டேன். எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கால் மரத்துப்போவதால் டாக்டரம்மா வின்கிரிஸ்டினின் அளவைக் குறைத்தார். மருந்தைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர்கள் வேலை. சொல்வது நம் வேலை. உங்களுக்கு விரல் மரத்தாலோ, பொத்தான் போட முடியாமல் போனாலோ, உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை.

முடி முளைக்கத் தொடங்கியபோது செல்வி வந்தாள். கிட்டே நின்று, உள்ளங்கையால் என் தலையை ஒருமுறை தடவினாள். "முள்ளு மாதிரி குத்துது" என்றாள். அன்றிலிருந்து என்னோடுதான் சாப்பிட்டாள்.

ஊர் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. துணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் உச்சிவேளையில் யாரும் அளவு கொடுக்க வர மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. விரல் தெரியாத கையால் தைக்கப் பழகிக்கொண்டேன். கண்ணால் தைத்தேன் என்று சொல்லலாம்.

சில வருஷங்கள் கழித்துப் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பஸ் பாதையில் நின்றுவிட்டது. இறங்கினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லை முழுவதும் சுடுகாட்டு மல்லி. வரிசை பிடித்து, களை எடுத்து, கடலை போல வளர்த்திருந்தார்கள். பெண்கள் வேரோடு பிடுங்கி மண்ணை உதறி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்பெனிக்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லாரி வருமாம், மூட்டையை ஏற்றிக்கொண்டு போகுமாம்.

"இத எதுக்குத்தான் வாங்குறானுவளோ" என்றாள் ஒருத்தி. "ஏதோ செய்வினைக்குங்குறாங்க. எங்க வூட்டுல இந்தக் கையோட சோறு போட விட மாட்டாங்க."

"மருந்துக்கும்மா" என்றேன்.

"எந்த நோய்க்கு?"

சொன்னேன். அவள் கையிலிருந்த செடியைக் கீழே போடவும் இல்லை, பரப்பவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அந்தக் கொல்லையைப் பார்த்தேன். அத்தனையையும் உலர்த்திப் பிரித்தாலும் ராஜாமணிக்கு ஒரு சிட்டிகை மருந்து தேறுமோ தேறாதோ.

இப்போது எனக்கு நோய் இல்லை. நோய் திரும்பவில்லை என்று சொல்வதே சரி என்பார் டாக்டரம்மா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவர், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்றார். இடைப்பட்ட காலத்தில் மாதம் ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். என் விரல்நுனிகளுக்கு உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியும். தோலுக்கு அடியில் ஒரு பட்டாணி இருந்தால் தெரியாது. என் கழுத்தை என் கையால் நம்ப முடியாது. அதனால் டாக்டரம்மா என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்கிருந்து தொடங்குவது, எப்படி அழுத்துவது, எங்கே நின்று தேடுவது என்று.

மாதம் பிறந்ததும், காலையில், அவர் சுரங்கத்துக்குக் கிளம்புமுன் நான் முற்றத்தில் உட்காருவேன். அவர் பின்னால் நின்று கை வைப்பார். கல் உடைத்துக் காய்த்துப்போன விரல்கள். காதுக்குக் கீழே தொடங்கும். தாடையோரம் வரும். இடது காறை எலும்புக்கு மேலே வந்ததும் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்கும். ஏன் நிற்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. அந்த நேரத்தில் போன மாதமும் வரப்போகிற மாதமும் என்னிடம் இருப்பதில்லை. மெஷின், செல்வியின் பள்ளிக்கூடம், அடுப்பில் கொதிக்கும் உலை எல்லாம் எங்கேயோ தள்ளி, யாருடையவையோ போல இருக்கும். என் உடம்பில் என்ன இருக்கிறது என்பது இன்னொருவர் விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இந்த மாதம் அவர் விரல் அங்கே சற்று அதிக நேரம் நின்றது.

பிறகு, "ஒண்ணுமில்ல. எழுந்திரு" என்றார்.